ஏர் எடுத்தால் மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

சங்ககிரியில் டீசல் பம்ப் பட்டறையில் 38 வருடம் வேலை பார்த்தவன் நான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வண்டி ஏர் லாக் ஆகி, அதாவது டீசல் பைப்புக்குள் காற்று ஏறி, நின்றுவிட்டது, என்ன செய்வது? அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் பட்டறையில் ‘ஏர் எடுப்பது’ என்கிறோம். அதனால் கிளட்ச், பிரேக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்தபோது டிராக்டர் இருமி இருமி நின்றுவிட்டது. டேங்கில் டீசல் சுத்தமாகத் தீரவில்லை, அடியில் கொஞ்சம் இருந்தது. கேனில் 10 லிட்டர் வாங்கி வந்து ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கியதுதான் மிச்சம். மெக்கானிக் வருவதற்குள் ஒரு நாள் போய்விட்டது. இதை நாங்களே செய்துகொள்ள முடியாதா?
– விவசாயி ஒருவர், மன்னார்குடி

தாராளமாகச் செய்யலாம் ஐயா. ஒரு செட் ஸ்பேனரும் ஒரு பழைய துணியும் இருந்தால் அரை மணி நேர வேலை.

டீசல் இருந்தும் ஏன் நின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேற்றில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால் டிராக்டர் சாய்ந்தே போகும். டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் அது ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். டீசல் வெளியேறுகிற வாய் காற்றில் நிற்கும். அந்தச் சில விநாடி போதும், பைப்புக்குள் காற்று ஏறிவிடும். சேற்றுழவுக்கு இறங்கும்போது கால் டேங்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று ஏறினால் இன்ஜின் ஏன் ஓடாது? டீசலை எவ்வளவு அமுக்கினாலும் சுருங்காது என்றே வைத்துக்கொள்ளலாம். காற்று சுருங்கும். பழைய மாடல் இன்ஜினில் நாசில், அதாவது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற முனை, திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். டயர் கடைக் கணக்கில் சொன்னால், லாரி டயருக்கு 110, 120 பவுண்டு அடிக்கிறோம். நாசிலுக்கு வேண்டியது 3000 பவுண்டுக்குப் பக்கம். பைப்பில் டீசல் மட்டும் இருந்தால் பம்ப் தள்ளுகிற தள்ளு அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். நடுவில் காற்று இருந்தால் அந்தத் தள்ளையெல்லாம் அது பஞ்சு மாதிரி வாங்கிக்கொண்டு சுருங்கும், பம்ப் விட்டதும் விரிந்துகொள்ளும். நாசில் வாயே திறக்காது. அப்புறம் எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் பேட்டரிக்குத்தான் கேடு.

உங்கள் டிராக்டர் எந்த மாடல் என்று எழுதவில்லை. 3 சிலிண்டர் இன்ஜின், ரோட்டரி பம்ப் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதலில் ஃபில்டர், பம்ப் எல்லாவற்றையும் மேலே துணியால் துடைத்துவிடுங்கள். சேற்று மண் ஒரு துளி உள்ளே போனால் பம்ப்பே போய்விடும். ஸ்டாப் கேபிள் உள்ளே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். அதை இழுத்துவைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஏர் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற ஃபீட் பம்ப்பில் இருக்கும் கை லீவரை மேலும் கீழும் அடியுங்கள். லீவர் கனமே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் அந்த ஃபீட் பம்ப்பை இயக்குகிற கேம் உள்ளே மேட்டில் நிற்கிறது என்று அர்த்தம். செல்ஃபை ஒரு தட்டுத் தட்டி இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் லீவருக்குப் பிடி வந்துவிடும். இது தெரியாமல் ஃபீட் பம்ப் போய்விட்டது என்று புதுசு வாங்குகிறவர்கள் உண்டு.

இப்போது ஸ்க்ரூவை மட்டும் கவனியுங்கள். முதலில் ஒன்றுமே வராது. அடுத்து ‘புஸ்’ என்று காற்று. பிறகு பொங்குகிற பால் மாதிரி நுரை. நுரை அடங்கி, கடுகுக் குமிழி விட்டுவிட்டு வரும். கடைசியில் குமிழியே இல்லாமல் நூல் பிடித்த மாதிரி டீசல் இறங்கும். நுரை நின்றதும் இறுக்கிவிடாதீர்கள், அந்தக் கடுகுக் குமிழியும் போகட்டும். லீவரை அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். நிறுத்திவிட்டு இறுக்கினால் ஒரு மூச்சுக் காற்று திரும்ப உள்ளே போகும்.

அடுத்தது, நாசிலுக்கு டீசலைத் தள்ளுகிற பெரிய பம்ப். பக்கவாட்டில் ஒரு ஏர் ஸ்க்ரூ, மேலே கவர்னர் மூடியில் ஒன்று. இரண்டையும் தளர்த்தி இதே மாதிரி அடியுங்கள். கீழே உள்ளதை முதலில் இறுக்கிவிட்டு, மேலே உள்ளதைக் கடைசியில் இறுக்குங்கள். காற்று எப்போதும் மேலேதான் ஏறும். அப்புறம் இரண்டு நாசிலில் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்க வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நட்டு ஓரத்தில் டீசல் விட்டுவிட்டுத் துள்ளும். துள்ளினதும் இறுக்குங்கள். ஒரு தடவைக்கு 10, 15 விநாடிக்கு மேல் செல்ஃப் வேண்டாம். நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். நட்டு தளர்ந்திருக்கும்போது கையையும் முகத்தையும் அதன் பக்கம் கொண்டு போகாதீர்கள். ஏன் என்று கீழே பெருந்துறைக் கடிதத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

என்னுடையது பழைய 10 சக்கர லாரி. ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது. ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் பம்ப்) 40, 50 தடவை அடித்தால்தான் பிடிக்கும். பிடித்துவிட்டால் நாள் முழுக்க ஓடும். மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள், மூன்று பேரும் ஏர் எடுத்துக் கொடுத்தார்கள். இப்போது பம்ப்பைக் கழற்றி கேலிபரேஷன் (பெஞ்சில் ஏற்றி டீசல் அளவைச் சரிசெய்வது) போட வேண்டும் என்கிறார் ஒருவர். போடலாமா?
– லாரி உரிமையாளர், திருச்செங்கோடு

பம்ப்பில் கை வைக்காதீர்கள். நாள் முழுக்கச் சரியாக ஓடுகிற பம்ப்பைக் கழற்றுவது வீண் செலவு.

மூன்று பேரும் ஏர் எடுத்தார்கள் என்கிறீர்கள். அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று ஒருவராவது தேடினாரா? டேங்க் வற்றாத வண்டியில், ஃபில்டர் மாற்றாத வண்டியில் காற்று தானாக உண்டாகாது. எங்கேயோ ஒரு வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஏர் மட்டும் எடுப்பது, ஒழுகுகிற கூரையைச் சரிசெய்யாமல் வீட்டுக்குள் வாளி வைக்கிற வேலை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு 22 வயது. நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்கு முட்டை லோடு ஏற்றிப்போன லாரி தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் நின்றுவிட்டது என்று என்னை அனுப்பினார்கள். ராத்திரி ஒரு மணி. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏர் எடுத்தேன். வண்டி பிடித்தது. ஐந்தாறு கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது. மறுபடி எடுத்தேன். மூன்றாவது தடவை நின்றபோது பிரைமர் அடித்து உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. விடிந்ததும் எங்கள் மேஸ்திரி பஸ்ஸில் வந்து இறங்கினார். ஸ்பேனரையே தொடவில்லை. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் போகிற ரப்பர் ஓஸை விரலால் தடவிக்கொண்டே வந்தார். கிளிப்புக்கு அரை அங்குலம் இந்தப் பக்கம் நிறுத்தி, ஓஸை மெல்ல வளைத்தார். நேராக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாத வெடிப்பு, வளைத்ததும் வாய் திறந்தது. பிளேடால் இரண்டு அங்குலம் நறுக்கித் திரும்பச் செருகி கிளிப்பை இறுக்கினார். வண்டி பெங்களூர் போய் இறக்கிவிட்டுத் திரும்பியும் வந்தது.

அந்த ஓஸ் சொட்டு டீசல்கூடக் கசியவில்லை. ராத்திரி முழுக்க நான் ஈரமான இடமாகப் பார்த்துத் தேடியிருக்கிறேன். பம்ப்புக்கு அந்தப் பக்கம், அழுத்தம் இருக்கிற இடத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வரும். டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். வெளியே காய்ந்தே கிடக்கும்.

உங்கள் வண்டியில் நடப்பது இதுதான். ஓடும்போது கொஞ்சம் காற்றுப் போனாலும் இன்ஜின் சமாளித்துக்கொள்கிறது, ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் தள்ளிவிடுகிறது. ராத்திரி நிறுத்தினதும் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, மேலே ஃபில்டரில் நிற்கிற டீசல் கீழே டேங்குக்கு இறங்கிவிடுகிறது. காலையில் பைப் காலி. ஃபீட் பம்ப் வால்வு தேய்ந்திருந்தாலும் இறங்குவது சுலபம்.

தேடுவதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து டேங்க் இருக்கிற மட்டத்திலேயே கட்டிவிடுங்கள். அதிலிருந்து ஒரு ஓஸை நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்து, ஏர் எடுத்து, ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் ஒரே செல்ஃபில் பிடித்தால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் என்று அடித்துச் சொல்லலாம். அப்போதும் பிடிக்காவிட்டால் ஃபீட் பம்ப், பிரைமர், ஃபில்டர் பக்கம் பாருங்கள்.

அப்புறம் கொத்தனார் லெவல் பார்க்கிறாரே, உள்ளே தண்ணீர் தெரிகிற ட்யூப், அதில் ஒரு முழம் வாங்கி ஃபீட் பம்ப்புக்கு முன்னால் மாட்டுங்கள். வண்டியை ஓடவிட்டு உற்றுப் பாருங்கள். மணி மணியாகக் குமிழி போவது தெரியும். ட்யூபை அங்கேயிருந்து ஒவ்வொரு ஜாயிண்டாக டேங்க் பக்கம் தள்ளி மாட்டிக்கொண்டே போங்கள். எந்த ஜாயிண்டைத் தாண்டினதும் குமிழி நிற்கிறதோ, அதுதான் இடம். இந்த ட்யூப் சோதனைக்கு மட்டும்தான். டீசல் பட்டால் நாளடைவில் விறைத்து வெடித்துவிடும், கழற்றிவிடுங்கள்.

எங்கே அதிகம் கிடைக்கும் என்றால், ஓஸ் கிளிப்புக்கு அடியில்; பைப்பை இணைக்கிற, நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் செப்பு வாஷரில் – பழைய வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள், ஒரு தடவை நசுங்கின வாஷர் இரண்டாம் தடவை பிடிக்காது; தண்ணீர் வடிக்கிற ஸ்க்ரூவில்; ஃபில்டர் ரப்பர் வளையத்தில் – பழைய வளையம் ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேலேயே புதுசைப் போட்டிருப்பார்கள். ஹேண்ட் பிரைமர் குமிழை அடித்து முடித்ததும் அழுத்தித் திருகிப் பூட்ட வேண்டும். பூட்டாமல் விட்டால் அதுவே காற்றுக்கு வழி. தினமும் 50 தடவை அடிக்கிறீர்கள், உள்ளே இருக்கும் சீலும் தேய்ந்திருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வி, நீங்களே பதில் கண்டுபிடியுங்கள்: டேங்க் நிறைய டீசல் இருக்கும் நாளில் இந்தத் தொல்லை இல்லாமல், பாதிக்குக் கீழே இறங்கினால் மட்டும் வருகிறதா? அப்படியென்றால் டேங்குக்குள்ளேயே உறிஞ்சு குழாய் நடுவில் வெடித்திருக்கிறது. வெடிப்பு டீசலில் முங்கியிருக்கும்வரை காற்றுக்கு வழியில்லை. இதை வெளியே எத்தனை ஓஸ் மாற்றினாலும் சரிசெய்ய முடியாது.

ஜாயிண்டில் வெள்ளை டேப் சுற்றுவதும் வேண்டாம். அதன் பிசிறு உள்ளே போய் வால்வில் மாட்டும். வழியில் நின்றால் பார் சோப்பைப் பிசைந்து அப்பி வீடு வந்து சேரலாம், எங்கள் டிரைவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். வீடு வந்ததும் மாற்றிவிட வேண்டும்.

கேலிபரேஷன் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். உங்களுடையது மைக்கோ பம்ப்பாகத்தான் இருக்கும். 1951இல் பெங்களூரில் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர்தான் மைக்கோ. 2008இல் பாஷ் என்று பெயர் மாறியும் எங்கள் பட்டறைகளில் அது இன்றைக்கும் மைக்கோ பம்ப்தான். சுத்தமான டீசல் கொடுத்தால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும் பொருள். புகை, மைலேஜ் குறைவு, இழுவை குறைவு இருந்தால் பெஞ்சில் ஏற்றலாம். ஒரு சின்ன வாஷருக்காக அதைக் கழற்ற வேண்டாம்.

அப்பா லாரி ஓட்டியவர். நான் இப்போது காய்கறி ஏற்ற ஒரு பிக்கப் வாங்கி ஓட்டுகிறேன், காமன் ரெயில் இன்ஜின். டீசல் ஃபில்டர் மாற்றினதும் ஸ்டார்ட் ஆகவில்லை. நாசில் பைப்பை லூஸ் செய்து ஏர் எடுக்கலாம் என்கிறார் அப்பா. செய்யலாமா?
– வாசகி, பெருந்துறை

வேண்டாம் அம்மிணி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லி, இந்தப் பதிலையும் படித்துக்காட்டுங்கள். அவர் சொல்வது அவர் ஓட்டிய வண்டிக்குச் சரி. உங்கள் வண்டியில் எல்லா நாசிலுக்கும் பொதுவான ரெயில் பைப்பில் நிற்கும் அழுத்தம் 1600 பார், சில வண்டிகளில் அதற்கும் மேல். பவுண்டுக் கணக்கில் 20,000ஐத் தாண்டும். இன்ஜினை நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் அழுத்தம் உள்ளே இருக்கும். அந்த நட்டைத் தளர்த்தினால் ஊசியை விட மெல்லியதாகச் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பழைய நாசிலே இதைச் செய்யும். எங்கள் பட்டறையில் நாசில் டெஸ்ட் செய்துகொண்டிருந்த ஒரு பையன் ஸ்ப்ரே எப்படி வருகிறது என்று ஆள்காட்டி விரலை நீட்டிவிட்டான். முள் குத்தின மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். வலியும் இல்லை, துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். சாயங்காலம் விரல் வீங்கி நீலம் பாய்ந்தது. சேலத்துக்குக் கொண்டுபோய் அறுத்துச் சுத்தம் செய்தார்கள். விரல் தங்கியது, மடக்க வராது. இப்படி ஆனால் காயம் சின்னது என்று ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். முள் குத்தினதுக்குப் போடுகிற ஊசி இதற்குப் போதாது.

உங்கள் வண்டியில் செய்ய வேண்டியது எளிது. ஃபில்டர் பக்கத்தில் கைப்பிடி அளவு ரப்பர் பந்து இருக்கிறதா பாருங்கள். சில வண்டிகளில் ஃபில்டர் மேலேயே அமுக்குகிற மாதிரி இருக்கும். கல் மாதிரி கெட்டியாகும்வரை அதை அமுக்குங்கள், பிறகு சாவி போடுங்கள். பந்து இல்லாமல் டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருந்தால், செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பின்பக்கம் ‘ம்ம்ம்’ என்று சத்தம் கேட்டுச் சில விநாடியில் நிற்கும். ஆஃப் செய்து திரும்ப ஆன். இப்படி ஐந்தாறு தடவை செய்த பிறகு செல்ஃப் அடியுங்கள். இதற்கும் பிடிக்காவிட்டால் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

புது ஃபில்டரில் கேன் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கமும் இந்த வண்டிக்கு ஆகாது. வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்துக்குள் போய் இன்ஜெக்டரை, அதாவது இந்த வண்டியின் நாசிலை, கெடுக்கும். டேங்கையும் வற்ற விடாதீர்கள். இந்த உயர் அழுத்த பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய். வறண்டு ஓடினால் உள்ளே உரசி, இரும்புத் தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். அதன் பிறகு வரும் பில்லை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

என் தாத்தாவின் பெட்ரோல் அம்பாசிடரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் கொல்லிமலை ஏறும்போது பாதியில் நிற்கிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. இதுவும் ஏர் லாக்தானா?
– வாசகர், ராசிபுரம்

இது வேப்பர் லாக். வெளிக்காற்று ஏதும் உள்ளே போகவில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முதல், இரண்டாம் கியரில் இழுக்கும்போது இன்ஜின் சூட்டில் பெட்ரோலே பைப்புக்குள் ஆவியாகிவிடுகிறது. ஆறினதும் திரும்ப பெட்ரோலாகிறது. ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப் மேலும் பைப் மேலும் சுற்றிவிட்டால் ஐந்து நிமிடத்தில் கிளம்பலாம். சைலன்ஸர் பக்கமாகப் பெட்ரோல் பைப் ஒட்டிப்போகிறதா என்று பார்த்து நகர்த்திக் கட்டுங்கள். காலையில் ஆறு மணிக்கு மலை ஏறிவிட்டால் இந்தத் தொந்தரவே இருக்காது.

கிணற்றில் பழைய ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், கையால் சுற்றி எடுப்பது. ஃபீட் பம்ப், பிரைமர் ஒன்றும் இல்லை. ஏர் எடுத்தது சரியாக வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், அந்தியூர்

இதில் டேங்க் மேலே இருப்பதால் டீசல் தானாகவே இறங்கும். ஃபில்டர் ஸ்க்ரூ, அப்புறம் பம்ப் ஸ்க்ரூ, இரண்டையும் வரிசையாகத் தளர்த்தி, குமிழி நின்றதும் இறுக்குங்கள். டேங்க் மூடியில் இருக்கும் சின்னத் துளையைக் குச்சியால் குத்திவிடுங்கள். அது அடைத்திருந்தால் டீசல் இறங்காது. கடைசியாக நாசில் பைப் நட்டைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரைத் திறந்து, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கிற டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவைத்து மெதுவாகச் சுற்றுங்கள். நட்டில் டீசல் துள்ளினதும் இறுக்கிவிடுங்கள்.

இனிமேல் காதுதான் வேலை செய்ய வேண்டும். லீவர் தூக்கியபடியே, ஹேண்டிலை நிதானமாகச் சுற்றிக்கொண்டு நாசில் பக்கம் காதைக் கொடுங்கள். காற்று இருந்தால் சத்தமே இருக்காது, அல்லது ‘சொத்’ என்று ஏதோ விழுகிற மாதிரி கேட்கும். காற்று முழுக்கப் போயிருந்தால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை ‘கிர்க்… கிர்க்…’ என்று பழைய கதவு முனகுகிற மாதிரி கேட்கும். நாசில் ஊசி திறந்து மூடுகிற சத்தம் அது. 38 வருடம் கேட்டும் எனக்கு இன்னும் அலுக்காத சத்தம். அது கேட்டதும் வேகமாகச் சுற்றி, லீவரைப் போட்டுவிடுங்கள்.